அம்மாவை விட்டுவிட்டுப் பேராதனைக்கு

பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குத் தான் தெரிவாகியிருக்கும் செய்தியை யதுஷா குசினியில் நின்றபடிதான் பார்த்தாள். பள்ளித் தோழி மிதுனா கைபேசியில் "விட்டிட்டாங்கள், கெதியா பார்" என்று அனுப்பியிருந்தாள். தேங்காய்ப்பூ ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தன் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தாள். பீடத்தின் பெயர் திரையில் வந்தது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் சொதிக்குப் பால் பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம், "கிடைச்சிட்டுது அம்மா, பேராதனை" என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

பத்மாவதி பிழிந்த கையோடு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெளியே கடற்கரை ரயில் தண்டவாளத்தை அதிரவைத்துக்கொண்டு பாணந்துறைப் பக்கம் போனது.

பின்னேரம் அப்பா யோகநாதன் கந்தோரில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, திருநீறு பூசி, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை விஷயம் சொல்லப்படவில்லை. அந்த வீட்டில் எந்தச் செய்தியும் தேத்தண்ணிக்குப் பிறகுதான். அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். வெள்ளிக்கிழமைகளில் வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போனால் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

"விவசாயமோ?" என்றார், கோப்பையை வைத்துவிட்டு. "தோட்டம் கொத்துறதுக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?"

யதுஷா நிலத்தைப் பார்த்தாள்.

"பதியாதை. இன்னொருக்கா எடு. மூண்டாந்தரம் எடுத்து மெடிசினுக்குப் போன பிள்ளையள் எத்தினை பேர் இருக்குதுகள். ஒரு வருஷம்தானே, வீட்டில இருந்து ஆறுதலாப் படி."

ஒரு பீடத்துக்குப் பதிந்துவிட்டால் பிறகு மருத்துவத்துக்கு மாற வழியில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதிவதா விடுவதா என்பதுதான் கேள்வி. யதுஷா உயர்தரச் சோதனையை இரண்டாந்தரம் எடுத்துக் கிடைத்த பெறுபேறு அது. மூன்றாந்தரம் எடுத்தாலும் மருத்துவத்துக்குக் கிட்டவும் போகமாட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஓமப்பா" என்றாள்.

குசினி வாசலில் நின்ற பத்மாவதி சட்டென்று தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். யதுஷா அந்தப் பார்வையைச் சந்திக்கவில்லை.

யோகநாதன் குடிக்கிறவர் அல்ல. சிகரெட், மச்சம் மாமிசம் எதுவுமில்லை. வெளியே அவர் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த தொடர்மாடியின் மூன்றாம் மாடி வீட்டுக்குள் கதவு சாத்திய பிறகுதான் அவர் கை உயரும். அதுவும் பத்மாவதிக்கு மட்டும். சேட்டின் கழுத்துப் பட்டியில் ஒரு சுருக்கம், தொலைபேசி அடித்து எடுக்கப் பிந்தியது, சமைத்துக்கொண்டிருக்கும்போது காஸ் முடிந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து பத்மாவதியின் மச்சாள் தொலைபேசியில் ஏதோ சொன்னது. ஏதாவது ஒன்று போதும். அடித்த பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ரீவியில் செய்தி பார்ப்பார். பத்மாவதி நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த நாள் காலி வீதிக்கு மரக்கறி வாங்கப் போவாள்.

யதுஷா ஒன்பதாம் வகுப்புப் படித்த காலத்தில் ஒருநாள் அறைக்குள் இருந்து பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள். போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். அவ்வளவுதான். யோகநாதன் ஓங்கிய கையை அப்படியே கீழே விட்டார். மகளின் தலையைத் தடவி, "போய்ப் படி பிள்ளை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

அன்றைக்கு அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தான் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவுக்குக் கை வராது. அதற்குப் பிறகு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா வீட்டுக்கு வரும் நேரத்தில் அவளும் வீட்டில் இருந்தாள். பள்ளியில் வலைப்பந்து ஆடியவள் பயிற்சிக்கு நிற்பதை விட்டாள். உயர்தரத்தில் உயிரியல் எடுத்தபோது, பெயர்போன ஆசிரியர்களின் வகுப்புகளெல்லாம் பின்னேரத்தில்தான் நடந்தன. முதலில் போனாள். ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தபோது அம்மாவின் உதடு வீங்கியிருந்தது. "அலுமாரிக் கதவு பட்டிட்டுது" என்றாள் அம்மா. அடுத்த கிழமையிலிருந்து யதுஷா பின்னேர வகுப்புகளை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தே கைபேசியில் பார்த்துப் படிக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னாள். பிள்ளை வெளியில் திரியாமல் வீட்டில் இருக்கிறாளே என்று அவருக்குச் சந்தோஷம்.

முதற்தரம் பெறுபேறு ஏன் குறைந்தது என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். சொந்தக்காரர் கேட்டார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பேராதனைக்குப் போக அவளுக்கு எவ்வளவு ஆசை என்பதையும் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து ஒருமுறை சுற்றுலா போனபோது வளாகத்துக்குள் பஸ் நுழைந்த இடம், மழையில் நனைந்த பெரிய மரங்கள், புத்தகத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடிய பெட்டைகள், எல்லாம் மனத்தில் அப்படியே இருந்தன. இப்போது இடம் கிடைத்து, வாசல் திறந்து கிடந்தது. அவளோ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பாவின் மருத்துவ ஆசை அதற்கு நல்ல சாட்டாக அமைந்தது. இன்னும் ஒரு வருஷம் வீட்டில் நிற்கலாம். அதற்குப் பிறகு? அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவது பத்மாவதியின் பழக்கம். சைவக்காரர்கள் எத்தனையோ பேர் போகிறார்கள். யோகநாதனும் அதைத் தடுப்பதில்லை. அந்தச் செவ்வாய் அவள் மகளையும் வரச்சொன்னாள். மெழுகுதிரி கொளுத்திவிட்டு இருவரும் நடந்து கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். அங்கே மரியகொறற்றியின் வீடு. கலியாணத்துக்கு முந்தி பத்மாவதி ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்த காலத்தில் அவளோடு கூடப் படிப்பித்தவள் மரியகொறற்றி. கணவர் றேமண்ட் துறைமுகத்தில் வேலை. கீழே கூடமும் குசினியும், மேலே இரண்டு அறைகளுமாக ஒடுங்கிய வீடு.

"உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்ட மரியகொறற்றி, யதுஷாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "கம்பஸ் கிடைச்சிருக்காமே! கேக் ஒண்டு வாங்கி வெச்சிருக்கேன்."

யதுஷா சிரித்தாள். "நான் போகேல்லை அன்ரி. திரும்ப எடுக்கப் போறன்."

மரியகொறற்றி பத்மாவதியைப் பார்த்தாள். பத்மாவதி, "வா பிள்ளை, மேல ஒருக்கா வா" என்று மகளைப் படியேற்றிக் கூட்டிப் போனாள்.

மேலே ஒரு சின்ன அறை. மரியகொறற்றியின் மகன் மெல்ரோய் இத்தாலிக்குப் போனபிறகு காலியாகக் கிடக்கும் அறை. கட்டிலில் கழுவிய விரிப்பு. யன்னலுக்குப் புதிதாகத் திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தது. துணி அம்மாவின் பழைய சேலை என்று யதுஷாவுக்கு உடனே தெரிந்தது.

"இதென்னம்மா?"

பத்மாவதி கட்டிலில் இருந்தாள். "இது எனக்கு. கொறற்றியிட்ட நான் எப்பவோ கேட்டு வைச்சது. நீ முதற்தரம் சோதினை எடுக்கேக்கையே."

யதுஷாவுக்கு விளங்கவில்லை.

"நீ பாஸ்பண்ணிக் கம்பஸுக்குப் போனவுடன நானும் வெளிக்கிடுறதெண்டுதான் இருந்தனான். உன்னை அந்த வீட்டில விட்டிட்டு நான் எப்பிடிப் போறது? உன்னைக் கூட்டிக்கொண்டு இங்க வந்தா உன்ர படிப்பு என்னாகும்? ஆக்கள் உன்னை என்ன சொல்லுவினம்? பிள்ளை ஒரு இடத்தில போய்ச் சேரட்டும் எண்டுதான் பொறுத்துக்கொண்டு இருந்தனான்." அவள் மகளின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நீ என்னடா எண்டால் ஓமப்பா எண்டு சொல்லுறாய். ஏனடி ஓமெண்டனி?"

"உங்களுக்காகத்தான் அம்மா" என்றாள் யதுஷா. "நான் போனா அப்பா உங்களை அடிச்சுக் கொண்டுபோடுவார்."

அந்த வீட்டில் அவர்கள் இருவரும் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அந்தப் பேச்சைப் பேசியதில்லை. அலுமாரிக் கதவு, குளியலறை வழுக்கல் என்ற பொய்களை அம்மா சொல்ல, மகள் நம்புவதுபோல் இருந்திருக்கிறாள். பத்மாவதி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். யதுஷாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். விட்ட வகுப்புகளும், விட்ட வலைப்பந்தும், இரண்டு தரம் எழுதிய சோதனையும் எல்லாம் ஒன்றாக நினைவில் வந்தன. அம்மா தனக்காக நின்றிருக்கிறாள், தான் அம்மாவுக்காக நின்றிருக்கிறாள். ஒருத்தி அசைந்திருந்தால் மற்றவளும் அசைந்திருப்பாள்.

கீழே மரியகொறற்றி கேக் வெட்டினாள். அழுத முகத்தோடு இருந்த பத்மாவதியும் சேர, மூவரும் அதைத் தின்றார்கள்.

பதிவுக் காலம் முடிவதற்குள் யதுஷா பதிந்துவிட்டாள். அப்பாவிடம் அவளே சொன்னாள். அம்மா சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

யோகநாதன் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு மிகவும் சாந்தமாக, "சரி. போறதெண்டு முடிவெடுத்திட்டாய். போ" என்றார். எழும்பும்போது மகளின் தோளில் கை வைத்தார். "அம்மாவைப் பற்றி நீ யோசியாதை. அம்மாவை நான் பாத்துக்கொள்ளுவன்."

யதுஷா திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தாள்.

விடுதிக்குப் போகும் நாளில் அவர் கந்தோருக்குப் போய்விட்டார். கோட்டை ரயில் நிலையத்துக்கு அம்மாதான் வந்தாள். வாளி, படுக்கை விரிப்பு, மிளகாய்த்தூள் போத்தல், அம்மா பொரித்துத் தந்த முறுக்கு. மேடையில் நின்று யதுஷா திரும்பத் திரும்பக் கேட்டாள். "அம்மா, எப்ப போவீங்கள்?"

"இந்தக் கிழமைக்குள்ள. நீ கவலைப்படாமல் போ."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான் பிள்ளை. நீ ஏறு, றெயின் வெளிக்கிடப்போகுது."

அந்தக் கிழமை போனது. அடுத்ததும் போனது. பத்மாவதி போகவில்லை.

தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அப்பாவுக்குக் காய்ச்சல், இப்ப எப்படி விட்டுப் போறது. கோயில் திருவிழா நடக்குது, ஆக்கள் கேப்பினம், அது முடியட்டும். பிறகு, "நீ போனபிறகு அவர் நல்லா மாறியிட்டார் பிள்ளை, நேற்று எனக்கு ஐஸ்கிறீமும் வாங்கிக்கொண்டு வந்தவர்." யதுஷா கைபேசியை வைத்துவிட்டு விடுதி வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாள். மலையிலிருந்து குளிர் இறங்கும். சீனியர் அக்காமார் கூப்பிட்டுப் பாடச் சொன்னால் போய்ப் பாடிவிட்டு வருவாள். விரிவுரையில் மண்ணின் வகைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது, இப்போது அப்பா வீட்டுக்கு வரும் நேரம் என்று மனம் சொல்லும். பேனா நின்றுவிடும். கூட இருந்த பெட்டைகள் வீட்டு நினைவில் அழுதார்கள். அவளையும் அப்படித்தான் நினைத்துத் தேற்றினார்கள். தனக்கு வந்திருப்பது வீட்டு நினைவல்ல, அங்கே நிற்கவேண்டிய ஆள் இங்கே நிற்கிறோம் என்ற பதற்றம் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு சனிக்கிழமை அம்மா தொலைபேசி எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அடித்தாள். மத்தியானமளவில் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கீழ் மாடியில் இருக்கும் ஷஹீமா.

"யது மகள், பயப்பட வாணாம்" என்று தொடங்கினாள் ஷஹீமா. "அம்மாவக் கூட்டிட்டு களுபோவில ஆஸ்பத்திரிக்கு வந்தீக்கிறேன். கை ஒடஞ்சீக்கிது. வேற ஒண்டுமில்ல. நீங்க மெதுவா வாங்க."

இவ்வளவு நாளும் மேலே நடந்ததெல்லாம் கீழே கேட்டிருக்கிறது என்பது யதுஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். கேகாலை, வறக்காப்பொல, நிட்டம்புவ என்று ஊர்கள் மெதுவாக நகர்ந்தன. தான் நின்றிருந்தால் இது நடந்திருக்காது. வழி முழுக்க அந்த ஒரு எண்ணம்தான்.

பத்மாவதி வெளிநோயாளர் பகுதியில் ஒரு வாங்கில் இருந்தாள். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் ஷஹீமா, மடியில் மருந்துப் பை. மகளைக் கண்டதும் பத்மாவதி சிரிக்கப் பார்த்தாள்.

"அம்மா, நான் இனிப் போகேல்லை" என்றாள் யதுஷா, முன்னால் குந்தியிருந்து. "நிண்டிடுறன். கம்பஸ் வேண்டாம். சாமான்களைப் பேந்து எடுக்கலாம்."

அப்போதுதான் பத்மாவதிக்கு ஆத்திரம் வந்தது. மகள்மேல் அவள் அப்படிக் கோபப்பட்டதை யதுஷா கண்டதேயில்லை.

"விசர்க்கதை கதையாதை! நீ வந்து நிண்டா நானும் அங்கதான் நிப்பன். பிறகு உனக்கொரு கலியாணம் வரும், அதுக்காக நிப்பன். பிறகு உன்ர பிள்ளைக்காக நிப்பன். சாகுமட்டும் நிப்பன். அதுதானோ உனக்கு வேணும்?"

வாங்கில் இருந்த மற்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை.

பிறகு ஷஹீமா சொன்னாள். கட்டுப் போட்ட தாதி சிங்களத்தில் கேட்டிருக்கிறாள், எப்படி உடைந்தது என்று. குளியலறையில் வழுக்கியது என்று பத்மாவதி சொல்லியிருக்கிறாள். தாதி கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அருகில் குனிந்து, "மஹத்தயா கெஹுவாத?" என்று கேட்டிருக்கிறாள். ஐயா அடித்தாரா?

"ஓவ் மிஸ்" என்றாளாம் பத்மாவதி. ஓம், அடித்தார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தமிழில் யாருக்கும் சொல்லாததை, மரக்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் மட்டும் பேசிய மொழியில் சொல்லிவிட்டாள். அந்த மொழியில் அவளுக்கு மச்சாள் இல்லை, கோயில் ஆட்கள் இல்லை, வெட்கப்பட ஒருவரும் இல்லை. ஒருமுறை சொன்ன பிறகு அது பொய்யாக மாறவில்லை. தாதி பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாம் என்றாள். பத்மாவதி அதற்கு மட்டும் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போவமா?" என்று ஷஹீமா கேட்டாள்.

"இல்லை ஷஹீமா. எங்களுக்கு ஒரு ஓட்டோ பிடிச்சுத் தாங்கோ. கொட்டாஞ்சேனைக்கு."

உடுத்திருந்த சேலை, மருந்துப் பை, கைப்பை. அவ்வளவோடுதான் பத்மாவதி வெளிக்கிட்டாள். ஓட்டோ காலி வீதியால் வந்து வெள்ளவத்தையைக் கடக்கும்போது தங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. யதுஷா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பம்பலப்பிட்டியும் தாண்டியபிறகுதான் கண்ணைத் திறந்து, "அடுப்பில பருப்பு வைச்சபடி வந்திட்டன் பிள்ளை" என்றாள். "ஷஹீமா காஸை நிப்பாட்டினவவோ தெரியேல்லை."

யதுஷா ஷஹீமாவுக்கு எடுத்துக் கேட்டாள். நிற்பாட்டியிருந்தது.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசி மேல் தொலைபேசி வந்தது. இந்த வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது என்றார்கள். கம்பஸ் கிடைத்த திமிரில் மகள்தான் தாயைக் கிளப்பிக்கொண்டு போனாள் என்று ஒரு சித்தி சொன்னாள். யோகநாதன் கொட்டாஞ்சேனைக்கே வந்தார். றேமண்ட் படியில் இருந்துகொண்டு, "பத்மா அக்கா இறங்கி வாறேன் எண்டா வரட்டும் அண்ணன், நான் மறிக்க மாட்டேன். நீங்க ஏறிப் போறதுக்கு மட்டும் நான் விடமாட்டேன்" என்றார். பத்மாவதி இறங்கி வரவில்லை. மேலே கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்று மரியகொறற்றி பிறகு சொன்னாள்.

யதுஷா பேராதனைக்குத் திரும்பினாள். முதல் தவணைச் சோதனை நெருங்கியபோது ஒருநாள், விரிவுரை முடிந்து வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே மரத்தடியில் போடப்பட்டிருந்த வாங்கில் அப்பா இருந்தார்.

கந்தோருக்குப் போகிற சேட்டுத்தான். ஆனால் அயன் பண்ணாத சேட். கழுத்துப் பட்டி மடிந்து கிடந்தது. கன்னத்தில் இரண்டு மூன்று நாள் தாடி. மகளைக் கண்டதும் எழும்பினார்; எழும்பியபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"சாப்பிட்டியளோ அப்பா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். கன்ரீனுக்குக் கூட்டிப்போய் சோறும் பருப்பும் போஞ்சிக் கறியும் வாங்கிக் கொடுத்தாள். அவர் குனிந்தபடி சாப்பிட்டார். அவ்வளவு பசி. யதுஷாவுக்கு நெஞ்சு நொந்தது. இந்த மனுஷனில் தனக்கு எப்படி இரக்கம் வருகிறது என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"அம்மாவை வரச்சொல்லு" என்றார். "நீ சொன்னாக் கேப்பா. வீடு கிடக்கிற கிடை உனக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே எங்க கிடக்குதெண்டு தெரியேல்லை."

"அம்மான்ர கை இன்னும் மடங்குதில்லை அப்பா."

அவர் சோற்றுக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு, பெரிய நியாயம் ஒன்றைக் கண்டெடுத்தவர்போல நிமிர்ந்து, "உனக்கு நான் ஒருநாளும் கை நீட்டேல்லைத்தானே? ஒருநாளாவது?" என்றார்.

"இல்லை அப்பா. நீட்டேல்லை." அவள் அதோடு நிறுத்தவில்லை. "அதாலதான் நான் ஒன்பதாம் வகுப்பிலயிருந்து உங்களுக்கு நடுவில நிண்டனான். ரியூஷனை விட்டிட்டு நிண்டனான். என்னால மெடிசின் எடுக்க ஏலாமப் போனது அதாலதான்."

யோகநாதன் அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "கொழும்பு பஸ் எங்க எடுக்கிறது?" என்றார்.

சந்திவரை கூட்டிக்கொண்டு போனாள். மழை தூறத் தொடங்கியது. தன்னிடமிருந்த குடையை அவர் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விடுதிக்குப் போய் அம்மாவுக்கு எடுத்தாள். அப்பா வந்துபோனதைச் சொன்னாள்.

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. பத்மாவதி அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பாலர் பாடசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"சாப்பிட்டவரோ?" என்று கேட்டாள்.

யதுஷாவுக்குப் பயம் பிடித்தது. "சாப்பிட்டவர். அம்மா, நீங்கள் திரும்பிப் போகமாட்டீங்கள்தானே?"

"இண்டைக்குப் போகமாட்டன்" என்றாள் பத்மாவதி. "நாளைக்கும் கேள். நாளைக்கும் சொல்லுறன்."

யதுஷா அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். முதல் வருஷம் முடியும்வரை நாள் தவறாமல் கேட்டுக்கொண்டேயிருந்தாள். விடுமுறைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனால் அம்மாவோடு அந்த ஒரே கட்டிலில்தான் படுக்கை. சில நாளில் பத்மாவதி அவரை நினைத்து அழுவாள். சில நாளில் பாலர் பாடசாலைக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பாள். திரும்பிப் போகவில்லை. யோகநாதன் வெள்ளவத்தையில் தனியே இருக்கிறார், கடைச் சாப்பாடு. மாதத்துக்கொருமுறை மகளுக்கு எடுத்து, படிப்பு எப்படி என்று கேட்பார். வேறொன்றும் கேட்பதில்லை.

இரண்டாம் வருஷத்தில் யதுஷா மீண்டும் வலைப்பந்து ஆடத் தொடங்கினாள். பயிற்சி பின்னேரத்தில். முதல் நாள் மைதானத்தில் பந்து அவள் பக்கம் வந்தபோது, மனம் வழக்கம்போல மணிக்கூட்டைத் தேடியது. பந்து கையில் பட்டு விழுந்தது. "ஏய் யது, எங்க பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று கத்தினார்கள். ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.